கட்டிலின் நாலாவது கால்

அண்ணே,

நேற்று மத்தியானம் கட்டில் வந்து சேர்ந்தது. உங்கள் சின்ன மகன் கைவண்டியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கிவைத்தான். "மாமி, வீட்டை இடிச்சுக் கட்டப்போறோம். இது உங்ககிட்ட இருக்கட்டும்னு அம்மா சொன்னாங்க" என்றான். உள்ளே வரச்சொன்னேன். வேலை கிடக்கிறது என்று போய்விட்டான். நல்ல பிள்ளைதான். உங்களைப் போலவே கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை.

கட்டிலில் இன்னும் தைல வாசனை இருக்கிறது. நம்மைப் பெற்ற அத்தாவுக்குத் தேய்த்ததா, உங்களுக்குத் தேய்த்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பக்கம்தான் இழுத்துக்கொண்டது. தைலமும் பெரிய கடைவீதியில் ஒரே கடையில்தான் வாங்கினோம்.

இறந்தவர்களைப் பற்றி எழுதினால் நல்லதாகத்தான் எழுத வேண்டும் என்பார்கள். இருந்தால் எழுதமாட்டேனா? சின்ன வயதில் முக்கொம்புக்குப் போனபோது என் செருப்பைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. நீங்கள் உங்கள் செருப்பைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு நடந்தீர்கள். அது நல்லது. அதை எழுதிவிட்டேன். இனி மற்றதை எழுதுகிறேன்.

இப்போதும் 'நீங்கள்' என்றுதான் எழுத வருகிறது. வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டு வராந்தாவில் எதிரெதிரே நின்றபோதுகூட உங்களை நான் 'நீ' என்று சொன்னதில்லை. அத்தா பழக்கியது அப்படி. வீட்டை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், மரியாதையை நான் வைத்துக்கொண்டேன். பாகப்பிரிவினை என்று எனக்கு நடந்தது அது ஒன்றுதான்.

அத்தா தோல் கிடங்கில் உழைத்து, நாற்றம் பிடித்த அந்தக் காசில் கட்டிய வீடு அது. நீங்கள் கல்யாணம் முடிந்ததும் ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோய் வாழைக்காய் மண்டி வைத்தீர்கள். முசிறியிலிருந்து தார் வந்து இறங்கும், உங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. என் வீட்டுக்காரர் பினாங்குக்குக் கப்பல் ஏறினார். அங்கேயே இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டார். கைக்குழந்தையோடு நான் அத்தாவிடம் திரும்பி வந்தேன். "என் காலத்துக்குப் பிறகும் உனக்கு மூணுல ஒரு பங்கு இருக்கும்மா. அது நான் கொடுக்கிறது இல்ல, அல்லாஹ் கொடுத்தது" என்று அத்தா சொல்வார். அந்த வார்த்தையை நம்பித்தான் நான் அடுப்பு மூட்டினேன். கிணற்றடியும் அதை ஒட்டிய இரண்டு அறையும் போதும், மகளை ஆளாக்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்கு மேல் நான் ஆசைப்பட்டதே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜும்ஆ முடிந்து வந்தீர்கள். கையில் ஒரு சீப்பு பூவன்பழம், கூடவே மண்டிக்கூட்டாளிகள் இரண்டு பேர். அத்தாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுக்கையோடு கிடந்த நேரம். பேச்சுக் குழறும், புத்தி மட்டும் தெளிவாக இருந்தது.

"டாக்டர் வெயில் படணும்னு சொல்லியிருக்காரு. கொஞ்ச நேரம் வெளியே வைப்போம்" என்றீர்கள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாதக்கணக்கில் எட்டிப்பார்க்காத மகனுக்கு இப்போதாவது தகப்பன் நினைப்பு வந்ததே என்று மனசு குளிர்ந்துபோனது. ஆண்கள் மூன்று பேர், கட்டிலுக்குக் கால் நான்கு.

"தங்கச்சி, அந்தக் காலை நீ பிடி."

முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு பிடித்தேன். அத்தாவைத் தெரு வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்தோம். நீங்கள் திரும்ப உள்ளே போனீர்கள். அத்தாவின் தகரப்பெட்டி வந்தது. எச்சில் படிக்கம் வந்தது. தொழுகைப் பாய், கைத்தடி, ஆணியில் தொங்கிய சட்டை, எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"பெட்டி எதுக்கு அண்ணே?" என்று கேட்டேன்.

"அத்தாவுக்கு அது பக்கத்துல இருந்தாத்தானே நிம்மதி?"

உண்மைதான், அத்தா அந்தப் பெட்டியைக் கண்ணிலிருந்து விடமாட்டார். என்ன கரிசனம் என்று நான் வியந்தேன். "நன்னாவுக்கு விசிறிவிடும்மா" என்று என் மகளையும் வெளியே கூப்பிட்டீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "முகத்துல வெயில் அடிக்குது, பக்கத்து வீட்டுல ஒரு குடை வாங்கிட்டு வா" என்றீர்கள்.

குடையோடு நான் திரும்பியபோது வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி உங்கள் கையில் இருந்தது. கூட்டாளிகள் இரண்டு பேரும் கைகட்டி நின்றார்கள். அத்தாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"வெயில் கண்ணுல குத்துது" என்றீர்கள்.

"கதவை எதுக்குப் பூட்டினீங்க?"

"காத்துல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

அடுத்ததுதான், அண்ணே, எனக்கு இன்றைக்கும் ஆறாதது. பூட்டைத் திறந்தீர்கள். வாசற்படியில் நின்று இரண்டு கையையும் நீட்டி, "வாங்க அத்தா, உள்ளே வாங்க. இது உங்க வீடு மாதிரி" என்று சிரித்தீர்கள். மறுபடி நாங்கள் நான்கு பேரும் கட்டிலைத் தூக்கி உள்ளே வைத்தோம். நன்னாரி சர்பத் கலக்கச் சொல்லி, உங்கள் கையாலேயே அத்தாவின் வாயில் வைத்தீர்கள். நான் அடுப்படியில் நின்று முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இப்படியொரு மகன் கிடைக்க அத்தா கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அழுதேன். 'உங்க வீடு மாதிரி' என்று சொன்னது என் காதில் விழாமல் இல்லை. விழுந்தும் உறைக்கவில்லை.

அன்றிலிருந்து அத்தா மாறிவிட்டார். அதுவரை "தண்ணி கொண்டா!" என்று அதட்டுவார், தாமதமானால் படிக்கத்தைக் கைத்தடியால் தட்டுவார். அதற்குப் பிறகு, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்று கேட்டார். சோறு வைத்தால், "உனக்குச் சிரமம்" என்றார். ஜன்னலைத் திறக்கட்டுமா என்று என் மகளிடம் அனுமதி கேட்டார். நான் சிரித்தேன். நோய் மனுஷனை இப்படிச் சாதுவாக்கிவிட்டதே என்று பக்கத்து வீட்டிலும் சொல்லிச் சிரித்தேன். கண்மூடி மௌத்தாகும் வரை அவர் அந்த வீட்டில் எதையும் அதட்டிக் கேட்கவே இல்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, நெய்ச்சோற்றுச் சட்டியை நான் கழுவிக்கொண்டிருந்தபோது நீங்கள் கிணற்றடிக்கு வந்தீர்கள்.

"வேற எடம் பார்த்துக்க, தங்கச்சி. நாங்க ஸ்ரீரங்கத்துலேருந்து இங்க வந்துடலாம்னு இருக்கோம்."

"என் பங்கு இருக்கே அண்ணே?"

"பங்கா? அத்தா இந்த வீட்டை எப்பவோ எனக்குக் கொடுத்துட்டாரே!"

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அன்றைக்கே முடிவு செய்தேன். தாலி மாதிரிக் கிடந்த கருகமணியைக்கூட விற்று வழக்குப் போட்டேன். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருந்த வக்கீல் ஒருவர் எனக்காக வந்தார். நெற்றியில் பளிச்சென்று திருமண், பேச்சில் அவசரமே இருக்காது. "உங்க தகப்பனார் அந்த வீட்டை விட்டு வேற எங்கேயாவது குடிபோனாராம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க, கடைசி மூச்சு வரைக்கும் அங்கேதான் இருந்தாங்க" என்றேன். "அது போதும்" என்று எழுதிக்கொண்டார். வேப்பமரத்தடியைப் பற்றி அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. வெயிலில் வைத்ததை ஒரு சங்கதி என்று வக்கீலிடம் யாராவது சொல்வார்களா?

கண்டோன்மென்ட் கோர்ட்டில் சத்தியம் வாங்கி என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். உங்கள் வக்கீல் மிகவும் தன்மையாகப் பேசினார்.

"உங்க அத்தாவை நீங்க நல்லா கவனிச்சுக்கிட்டீங்கல்ல?"

"ஆமாங்க."

"ஒரு வெள்ளிக்கிழமை கட்டிலோட அவரை வெளியே தூக்கி வச்சாங்களே, ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்குங்க. நாலாவது காலை நான்தான் பிடிச்சேன்" என்றேன். பெருமையாகச் சொன்னேன், அண்ணே. தகப்பனைத் தாங்கிய கை என்று ஜட்ஜுக்குத் தெரியட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தியே சொன்னேன்.

"பெட்டி, படிக்கம், பாய் எல்லாம் வெளியே வந்துச்சா?"

"ஆமாங்க."

"கதவைப் பூட்டி உங்க அண்ணன் சாவியை வச்சிருந்தாரா?"

"ஆமாங்க, ஆனா அது காத்துல கதவு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. பூட்டினாரா, இல்லையா?"

"பூட்டினாங்க."

"அப்ப உங்க அத்தா என்ன சொன்னாருன்னு கேட்டீங்களா?"

"நான் குடை வாங்கப் போயிருந்தேங்க."

நீங்கள் பின்பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். வெட்கம் என்று நினைத்தேன். சிரிப்பை மறைத்தீர்கள் என்று வெளியே வந்த பிறகு என் மகள்தான் சொன்னாள்.

வராந்தாவில் என் வக்கீல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி நின்றார். "இதை ஏம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லலை?" என்றார். அப்போதுதான் எனக்கு அவர் விளக்கினார். நம்மவர்களில் ஒருவர் தன் வீட்டை வாயாலேயே இன்னொருவருக்குத் தானம் கொடுக்கலாம், பத்திரமே வேண்டாம், அதற்கு ஹிபா என்று பெயர். ஆனால் வாய் வார்த்தை மட்டும் போதாது. கொடுக்கிறவர் தன் சாமான்களோடு அந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டும், வாங்குகிறவர் அதைக் கைக்கொள்ள வேண்டும். பிறகு அவர் மனம் வைத்து அழைத்தால், கொடுத்தவர் விருந்தாளியாகத் திரும்ப உள்ளே வந்து இருக்கலாம்.

ஹிபா என்ற சொல்லை நான் கேட்டிருக்கிறேன். அதற்கு இத்தனை சடங்கு உண்டு என்று ஓர் அய்யங்கார் வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. யோசித்தால் நல்ல ஏற்பாடுதான். யாரும் ஏமாந்து கொடுத்துவிடக் கூடாது, வாசற்படி தாண்டும்போதாவது கொடுக்கிறவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று உறைக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. அந்த நல்லதை எடுத்து, கையும் காலும் விளங்காத மனுஷனைக் கட்டிலோடு தூக்கி நடத்திக் காட்டினீர்கள். தானாக நடந்து வெளியேற முடியாதவரை வெளியேற்ற என் கையையே கடன் வாங்கினீர்கள்.

முன்சீப் கோர்ட்டில் நான் ஜெயித்தேன். சீக்காளியை வெயிலில் வைத்துத் திரும்ப எடுத்தது வெளியேற்றம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. அன்று மாலை மலைக்கோட்டைப் பக்கம் போய் மகளுக்கு ஒரு ரிப்பன் வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் மேல்கோர்ட்டுக்குப் போனீர்கள்.

அங்கே புதிதாக யாரையும் விசாரிக்கவில்லை. கீழ்க்கோர்ட்டில் நான் சொன்னதையே எடுத்து வைத்துப் பார்த்தார்கள். தீர்ப்பு வந்த பிறகு வக்கீல் தன் வீட்டில் வைத்து அதைத் தமிழில் சொல்லச்சொல்ல நான் நின்றுகொண்டே கேட்டேன். மரத்தடியில் அத்தா வாயால் வீட்டைக் கொடுத்தார் என்று பிரதிவாதியின் கூட்டாளிகள் சொன்ன சாட்சியை மட்டும் நம்ப வேண்டியதில்லை, வாதியே கட்டிலைத் தூக்கியதாக ஒப்புக்கொள்கிறார் என்று எழுதியிருந்தது. வெயில் காய்வதற்குத்தான் என்றால் பெட்டி எதற்கு, படிக்கம் எதற்கு, பூட்டு எதற்கு என்று ஜட்ஜ் கேட்டிருந்தார். பெட்டி எதற்கு என்று அன்றைக்கு நானும்தானே உங்களைக் கேட்டேன், அண்ணே? அவருக்கு அது தீர்ப்பாயிற்று. எனக்கு உங்கள் கரிசனமாகத் தோன்றியிருந்தது.

"அதுக்கப்புறம் தகப்பனார் அங்க இருந்தது மகனோட அனுமதியிலதான்னு போட்டிருக்கா" என்று வக்கீல் மெதுவாகச் சொன்னார்.

கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா. அந்த இடத்தில்தான் எனக்கு அது விளங்கியது. அத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. தன் வீட்டில் தான் விருந்தாளி என்று தெரிந்து, என்னிடம் சொல்ல நாக்கும் வராமல், மனசும் வராமல், தண்ணீருக்கு அனுமதி கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். நான் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வீடு போனது எனக்கு அந்த நேரத்தில் பெரிதாகவே படவில்லை. உங்களை மண்ணாய்ப் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சபித்தேன். வக்கீல் வீட்டு அம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தார்கள்.

மெட்ராஸுக்குப் போகலாமா என்று கேட்டேன். "அங்க நடந்த சங்கதியை மறுபடி கிளற மாட்டா, சட்டத்தை மட்டும்தான் பார்ப்பா. நீங்களே சொன்னதை நானே இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றார். அத்தோடு விட்டேன்.

கோர்ட்டு அமீனா வந்து என் பானை சட்டிகளை அதே வேப்பமரத்தடியில் இறக்கினார். நீங்கள் வாசலில் நின்றீர்கள். அத்தாவின் கட்டிலையாவது கொடுங்கள் என்று கேட்டேன்.

"கட்டில் வீட்டோட சேர்ந்தது" என்றீர்கள். பிறகு, "நீயும் சாமானோட வெளியே வந்துட்டே பாரு. இனி வரணும்னா கேட்டுட்டு வா, கூப்பிடுறேன்" என்று சொல்லி, அக்கம்பக்கத்தார் சிரிப்பார்களா என்று சுற்றிலும் பார்த்தீர்கள். யாரும் சிரிக்கவில்லை. உங்கள் சின்ன மகன்தான் குனிந்து என் அரிசிப்பானை உருளாமல் முட்டுக் கொடுத்தான்.

பீமநகரில் ஓர் அறை பிடித்தேன். தையல் மிஷினை மிதித்து மிதித்து மகளை டீச்சர் ட்ரெய்னிங் வரை படிக்க வைத்தேன். அரிசிக்கு ரேஷன் கடையில் நாள் முழுக்க நின்ற காலத்தில்கூட உங்கள் தெருப் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. போன வருஷம் உங்களுக்கும் இழுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டேன். வருத்தப்படவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

ஒருநாள் காலை உங்கள் பெரிய மகன் ஓடிவந்தான். "மாமி, அத்தா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறாரு. கட்டிலை அசைச்சாலே ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறாரு. நீங்க வந்து பிடிச்சா வர்றேன்னு சொல்றாரு."

வந்தேன். அத்தா கிடந்த அதே அறையில், அதே கட்டிலில் கிடந்தீர்கள். நல்ல கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. வீங்கிப்போன விரல்களைப் பார்த்தால் எத்தனை நேரமாகப் பிடித்திருந்தீர்களோ என்று தோன்றியது. மதினி மூலையில் அழுதுகொண்டிருந்தாள்.

"இவனுங்க... தூக்குறானுங்க" என்று குழறினீர்கள். "நீ பிடி. நீ பொய் சொல்ல மாட்டே."

டாக்டர், உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்க வழியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். பெற்ற பிள்ளைகள் உயிரைக் காப்பாற்றத் தூக்குகிறார்கள், நீங்களோ வீட்டைக் காப்பாற்றக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ள உங்களிடம் நீங்கள் செய்தது மட்டுமே இருந்தது. நான் உங்கள் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டேன். பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரரும் மூன்று காலைப் பிடிக்க, முக்காட்டைச் செருகிக்கொண்டு நாலாவது காலைப் பிடித்தேன். கை அதே இடத்துக்குத் தானாகப் போனது.

வேப்பமரத்தடியில் வாடகைக் கார் நின்றது. கட்டிலை இறக்கினோம். மதினியும் கூட வருவதாகச் சொன்னதால் வீட்டில் யாரும் இல்லை. சின்ன மகன் கதவை இழுத்துப் பூட்டி, சாவியைப் பெரியவனிடம் கொடுத்தான். உங்களால் தலையைத் திருப்ப முடியவில்லை. பூட்டுச் சத்தம் கேட்டது, என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"பூட்டிட்டானுங்களா?"

"ஆமா அண்ணே."

"சாவி?"

"பெரியவன்கிட்ட இருக்கு."

எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு உங்களோடு வருகிறார்கள், அதனால்தான் பூட்டினார்கள் என்று சொல்லியிருக்கலாம். இந்தப் பிள்ளைகளுக்கு ஹிபா என்றால் என்ன என்றே தெரியாது என்றும் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

காரில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. பெரியவனைப் பார்த்து, "தம்பி... கொஞ்சம் தண்ணி கிடைக்குமாப்பா?" என்று கேட்டீர்கள். அவன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். தன் அத்தா அப்படிக் கேட்டு அவன் பார்த்ததில்லை. நான் பார்த்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அத்தாவுக்காக அழுத மாதிரி உங்களுக்காக என்னால் அழ முடியவில்லை, அண்ணே. ஆனாலும் அந்தத் 'தண்ணி கிடைக்குமா' காதிலேயே நிற்கிறது. இரண்டு பேர் குரலும் ஒன்றாகிவிட்டது. அத்தாவை நினைத்தால் நீங்கள் கேட்கிறீர்கள், உங்களைச் சபிக்க வாயெடுத்தால் அத்தா கேட்கிறார். கூண்டில் சொன்ன 'ஆமா'வும் உண்மை, மரத்தடியில் சொன்ன 'ஆமா'வும் உண்மை. முதலாவதை என்னிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். இரண்டாவதை நானாகவே உங்களுக்குக் கொடுத்தேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் எண்ணம் இல்லை.

கட்டில் இந்த அறையில் பாதியை அடைத்துக்கொண்டது. மகள் ஸ்கூலில் பாடம் நடத்திவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அதில் குறுக்காக விழுந்து கிடக்கிறாள். எழுதிக்கொண்டிருக்கிற என்னைப் பார்த்து, "அம்மா, தண்ணி கொண்டா, சீக்கிரம்!" என்று அதட்டுகிறாள். வாடகை வீடுதான். இருந்தாலும் அதட்டிக் கேட்கிறாள். இதோ, எழுந்து போகிறேன்.